கைபேசியும் நம் பிள்ளைகளும்: பிடுங்குவதல்ல வழி, கற்பிப்பதே வழி!

2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 15. காலையில் பள்ளிகளில் கொடியேற்றிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். மாலையில் பெங்களூர் சிட்டி ரயில் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. அசாம், மணிப்பூர், நாகாலாந்து என்று வடகிழக்கிலிருந்து இங்கே பிழைக்க வந்த வாலிபர்களும் பெண்களும் கையில் கிடைத்த பையோடு குவஹாத்தி வண்டிக்கு டிக்கெட் கேட்டு நின்றார்கள். ஓட்டலில் பரிமாறுகிறவர், கட்டடக் காவலர், கல்லூரி மாணவர் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். ரயில்வே சிறப்பு வண்டிகள் விட்டது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்த நாம், "என்னப்பா நடந்தது? யார் அடித்தார்கள்?" என்று கேட்டோம். "யாரும் அடிக்கவில்லை சார். அடிக்கப் போகிறார்களாம். போனில் வந்தது" என்றான் ஒரு பையன்.

போனில் வந்தது! அந்த ஒரு சொல்லுக்காக ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை விட்டு, பாக்கிச் சம்பளத்தை விட்டு, மூன்று நாள் பயணத்துக்கு அஞ்சாமல் ஓடினார்கள். ஆகஸ்டு 17ஆம் நாள் மத்திய அரசு தலையிட்டது. ஓர் ஆள் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது என்று பதினைந்து நாளைக்குக் கட்டுப்பாடு போட்டது. ஆனால் அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

அன்று அவர்களைப் பார்த்து இரக்கப்பட்டோம். நான்கே ஆண்டுகளில் அந்த வரிசையில் நாமே நிற்க வேண்டி வரும் என்று நினைத்தோமா?

2016 சொல்லும் பாடம்

2016 செப்டம்பர் மாதம் காவிரிப் பிரச்சினை மீண்டும் கொதித்தது. கன்னடத் திரைப்பட நடிகர்களைக் கேலி செய்து ஒரு தமிழ் மாணவன் முகநூலில் எதையோ போட்டான். பொறியியல் படிக்கிற பையன். வயது இருபதைத் தாண்டி ஒன்றிரண்டுதான். சிலர் அவனைத் தேடிப் பிடித்து அடித்தார்கள், மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். அடித்ததோடு விட்டார்களா? அதைப் படம் பிடித்து ஊரெல்லாம் பரப்பினார்கள். அந்தப் படம் தமிழ்நாட்டுக்குப் போயிற்று. அங்கே சிலர் பதிலடி என்று கிளம்பினார்கள். சென்னையில் ஓர் ஓட்டல் தாக்கப்பட்டது. இராமேஸ்வரத்தில் ஒரு கன்னட ஓட்டுநர் அடிபட்டார். அதையும் படம் பிடித்தார்கள், அந்தப் படம் பெங்களூருக்குத் திரும்பி வந்தது. செப்டம்பர் 12ஆம் நாள் நகரம் எரிந்தது. ஒரே பணிமனையில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் நாற்பதுக்கு மேல் சாம்பலாயின. 16 போலீஸ் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போட்டார்கள். இரண்டு உயிர்கள் போயின.

தோழர்களே, இதில் குற்றவாளி யார் என்பதில் நமக்கு ஐயம் இல்லை. கேலி செய்தவனைக் கண்டிக்கலாம், அடிக்க எவனுக்கும் உரிமையில்லை. பேருந்தைக் கொளுத்தியவன் குற்றவாளி, தூண்டிவிட்டவன் அவனைவிடப் பெரிய குற்றவாளி. தண்ணீர்த் தகராறுக்கு அந்தப் பையன் காரணமல்ல. 1991 டிசம்பரில் இதே நகரத்தில் நம்மவர் குடிசைகள் எரிந்தபோது நம் பிள்ளைகள் எவரிடமும் கைபேசி இல்லை. ஆகவே கைபேசிதான் கலவரத்தைப் பெற்றெடுத்தது என்று நாம் சொல்லவில்லை. சொல்வது இதுதான்: 1991இல் ஒரு பொய் ஸ்ரீராமபுரத்திலிருந்து அல்சூருக்குப் போய்ச் சேர அரை நாள் பிடித்தது. இன்று அரை நிமிடம் போதும். அதைக் கொண்டு போகிற விரல் நம் வீட்டுப் பையனுடையதாகவே இருக்கலாம்.

2020 ஆகஸ்டு 11 இரவு தேவரஜீவனஹள்ளிப் பக்கம் நடந்ததையும் மறந்துவிட வேண்டாம். அதுவும் ஒரு முகநூல் பதிவில் தொடங்கியதுதான். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூவர் மாண்டனர். செத்தவர்களும் சிறைக்குப் போனவர்களும் யார் வீட்டுப் பிள்ளைகள்? ஏழை வீட்டுப் பிள்ளைகளே!

பாதுகாப்புப் படமே கொலைக் கருவியானது

இன்னொரு கதையைக் கேளுங்கள். பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக ஒரு சிறு படம் எடுத்தார்கள். மோட்டார் சைக்கிளில் வருகிற இருவர் தெருவில் விளையாடும் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பிறகு திரும்பிக் கொண்டுவந்து விட்டு, 'பிள்ளையைக் கடத்த ஒரு நொடி போதும், கவனமாயிருங்கள்' என்று ஓர் அட்டையைக் காட்டுவார்கள். நல்ல நோக்கத்தோடு எடுத்த படம்தான். எவனோ ஒருவன் அதன் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு, கடத்தும் காட்சியை மட்டும் வாட்ஸ்அப்பில் விட்டான். பிள்ளை பிடிக்கும் கூட்டம் ஊருக்குள் வந்துவிட்டது என்ற வதந்தியும் கூடவே கிளம்பியது.

2018 மே 9ஆம் நாள் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிடப் போன குடும்பத்தைக் கூட்டம் சூழ்ந்தது. வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர்கள் செய்த குற்றம்! அறுபத்தைந்து வயது மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். அடித்தவரும் தமிழர், அடிபட்டவரும் தமிழர். அதே மே மாதம் 23ஆம் நாள் நம் நகரத்தில், சாமராஜப்பேட்டைப் பகுதியில், ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த இருபத்தாறு வயது வாலிபரைக் கட்டிப்போட்டு அடித்துக் கொன்றார்கள். அவரும் நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர். மொழி தெரியாத தெருவில் நடந்த ஒரே காரணத்துக்காக உயிரை விட்டார். நாடெங்கும் இப்படிப் பல கொலைகள் நடந்த பிறகே, அந்த ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

இதை எழுதும்போது நமக்கே வெட்கமாக இருக்கிறது. அந்த வாரத்தில் நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் பிள்ளை பிடிப்போர் செய்தி வந்தது. அனுப்பியவர் சிறு பிள்ளை அல்ல, நரைத்த மீசைக்காரர். 'நம் பிள்ளைகளைக் காக்க இதை எல்லோருக்கும் அனுப்புங்கள்' என்று கீழே எழுதியிருந்தது. படித்துவிட்டு நாமும் தடுக்காமல் சும்மா இருந்தோம். ஆகவே பிள்ளைகளுக்குப் பாடம் என்று சொல்லும்போது முதல் பெஞ்சியில் உட்கார வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாமே என்பதை ஒப்புக்கொள்வோம்.

வீட்டுக்குள் வரும் திருடன்

வதந்தி தெருவில் நடக்கும் ஆபத்து. வீட்டுக்குள்ளேயே வருகிற ஆபத்து வேறு. 2020இல் கொரோனாவால் பள்ளிகளை மூடியபோது, சோற்றுக்கு வைத்திருந்த பணத்தில் கடன் சேர்த்துப் போன் வாங்கிக் கொடுத்தோம். வகுப்பு அதில்தான் நடக்கும் என்றார்கள். பள்ளி திறந்துவிட்டது, போன் மட்டும் பிள்ளை கையிலேயே தங்கிவிட்டது. அப்பா கட்டட வேலைக்குக் காலை ஏழு மணிக்குப் போகிறார். அம்மா நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு இருட்டிய பின் வருகிறார். நடுவில் அந்தப் பிள்ளையோடு பேச ஆள் யார்? போனில் இருக்கிறவன்தான்.

அவன் எப்படி வருகிறான் என்பதைத் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவன் முரடனைப் போல வருவதில்லை. பெண்பிள்ளையிடம் அவள் வயதுப் பெண்ணின் படத்தைப் போட்டுக்கொண்டு வருவான். பையனிடம் விளையாட்டுத் தோழனாக வருவான். பத்து நாள் அன்பாகப் பேசுவான். அப்பா அடித்தாரா, அம்மா திட்டினாளா என்று விசாரிப்பான். பதினோராம் நாள் ஒரு படம் கேட்பான். 'நமக்குள் இருக்கட்டும், வீட்டில் சொல்லாதே' என்பான். இந்த ஒரு வாக்கியம்தான் அடையாளம். நல்ல சிநேகிதன் எவனும் 'உன் அம்மாவிடம் சொல்லாதே' என்று சொல்ல மாட்டான். படம் கைக்கு வந்ததும் குரல் மாறும். 'பணம் கொடு, இன்னும் படம் கொடு, இல்லாவிட்டால் உன் அப்பாவுக்கே அனுப்புவேன்' என்பான்.

இங்கேதான், பெற்றோரே, ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கயவனுடைய ஆயுதம் அந்தப் படமல்ல, நம்முடைய கோபம்தான். 'வீட்டுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார்கள்' என்று பிள்ளை நம்புகிறது, அந்த நம்பிக்கையை வைத்து அவன் பிழைக்கிறான். நம் பகுதியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு இப்படி நேர்ந்தது. இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை. கடைசியில் சொன்னது தாயிடம் அல்ல, மாலை வகுப்பு எடுக்கும் நம் சங்கத்து அக்காவிடம். செய்தி கேட்ட தகப்பனார் முதலில் செய்தது போனைச் சுவரில் அடித்தது. அடுத்த வாரம் ஊரில் மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிவிட்டார். குற்றம் செய்தவன் எங்கோ சுகமாக இருக்கிறான், குற்றம் செய்யாத பிள்ளைக்குப் படிப்பு நின்று கழுத்தில் தாலி! இது என்ன நியாயம்? மூன்று நாள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிய பிறகே அந்தப் பெண் மீண்டும் பள்ளிக்குப் போனாள். போன் உடைந்ததால் அவன் அனுப்பிய மிரட்டல்களும் போயின. அவளுடைய தோழியின் போனில் இருந்த சிலவற்றை வைத்தே புகார் கொடுக்க முடிந்தது.

பொள்ளாச்சியை எல்லோரும் அறிவீர்கள். முகநூல் வழியாகவும் மற்ற வழிகளிலும் பழகிப் பெண்களைச் சீரழித்து, படம் எடுத்து, அதை வைத்தே மிரட்டினார்கள். 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி வீட்டில் சொன்னாள், வீட்டார் அவள் பக்கம் நின்றார்கள், புகார் கொடுத்தார்கள். அதன் பிறகே மூடி வைத்த பானை திறந்தது. 2025 மே 13ஆம் நாள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஒரு வீடும் 'மானம் போகும்' என்று வாயைப் பொத்தியிருந்தால் அந்த ஒன்பது பேரும் இன்றும் தெருவில் திரிந்திருப்பார்கள் அல்லவா?

சட்டம் நமக்கு என்ன தருகிறது?

போலீஸ் நிலையம் என்றாலே நம்மவருக்கு நடுக்கம். மொழி வேறு, ஆதார் அட்டையில் முகவரி வேறு. ஆனால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சில பாதுகாப்புகளைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வந்து வாங்க வேண்டும். இயன்றவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் வாங்க வேண்டும், சீருடையில் வரக் கூடாது. இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. பெயரையும் பள்ளியையும் வெளியிடக் கூடாது. இவை யாரும் போடும் பிச்சை அல்ல, நம் உரிமை. கேட்டு வாங்குவோம்.

பையன்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு சொல். 'ஆண்பிள்ளைதானே, அவனுக்கு என்ன' என்று இருந்துவிடாதீர்கள். உடன் படிக்கும் பெண்ணின் படத்தைக் குழுவில் சுற்றவிடுவது விளையாட்டு அல்ல, சிறைக்குப் போகும் குற்றம். சிறார்களை ஆபாசமாகக் காட்டும் படங்களை இறக்கி வைத்துக்கொள்வதும் குற்றமே என்று 2024 செப்டம்பர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கு சென்னையிலிருந்து போன வழக்கு.

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்தது. ஆனாலும் குறுக்கு வழி காட்டுகிற இணைப்புகள் பையன்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன. இன்னொரு புதுப் பொறியும் இருக்கிறது. கல்லூரிப் பையனிடம் வந்து, 'உன் வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் கொடு, மாதாமாதம் கமிஷன் தருகிறேன்' என்கிறார்கள். எங்கோ ஏமாற்றிய பணம் இவன் கணக்கு வழியாக ஓடும். விசாரணை வரும்போது கமிஷன் கொடுத்தவன் இருக்க மாட்டான், கணக்கில் பெயருள்ள நம் பையன்தான் இருப்பான்.

தடை மட்டும் போதுமா?

'பதினாறு வயதுக்குக் கீழே சமூக வலைத்தளமே கூடாது என்று ஆஸ்திரேலியாவில் சட்டம் போட்டுவிட்டார்களே, இங்கும் போட்டால் என்ன?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 2025 டிசம்பர் 10 முதல் அங்கே அது நடைமுறையில் இருக்கிறது. நல்லது, நடக்கட்டும். ஆனால் நம் வீட்டு நிலைமையைப் பாருங்கள். ஒரு போன், ஐந்து பேர். கணக்கு அப்பா பெயரில், பார்ப்பது பிள்ளை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் விவரத்தைத் திரட்டப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தில் வரும் அந்தக் கேள்வியைப் பெற்றோருக்குப் படித்துச் சொல்லி, அவர் விரலைப் பிடித்து அழுத்துவது யார்? அதே பிள்ளைதான்! படித்த பெற்றோரை மனதில் வைத்து எழுதிய சட்டம் நம் குடிசைக்குள் வரும்போது தலை குனிந்துதான் வர வேண்டியிருக்கிறது.

'பெண்பிள்ளைக்கு மட்டும் போன் வேண்டாம்' என்பது இன்னொரு வாதம். நம் அண்ணன்மார் பலருக்கு இது பிடித்த வாதம். இதை நாம் முழுமையாக எதிர்க்கிறோம். கல்வி உதவித்தொகை விண்ணப்பம் போனில், தேர்வு முடிவு போனில், வேலை அறிவிப்பு போனில். அதை அவளிடமிருந்து பிடுங்குவது அந்தக் காலத்தில் சிலேட்டைப் பிடுங்கியதற்குச் சமம். சாலையில் வண்டி ஓடுகிறது என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் பூட்டி வைத்தோமா? கையைப் பிடித்துக் கடக்கக் கற்றுக்கொடுத்தோம்.

உலகத்துப் பெரிய கம்பெனிகள் எல்லாம் இந்த நகரத்தில் கண்ணாடிக் கட்டடம் கட்டி உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் கட்டடங்களுக்குச் செங்கல் சுமந்தவர்கள் நாம். அங்கே தரை துடைக்கிறவர்கள் நம் தாய்மார்கள், வாசலில் சலாம் போட்டு நிற்கிறவர்கள் நம் தம்பிகள். நாட்டின் முதல் சைபர் குற்றப் போலீஸ் நிலையம் 2001இல் தொடங்கப்பட்டதும் இதே நகரத்தில்தான். அப்படிப்பட்ட ஊரில், அரசுப் பள்ளியில் படிக்கும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு இதைப் பற்றி உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்றால் அது யாருக்கு வெட்கம்? மாநில அரசுக்கு நம் கோரிக்கை இது: ஆறாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்குங்கள். கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு எந்த வழிப் பள்ளியானாலும் பிள்ளைக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். புகார் எண்ணில் பேசுகிறவர்களுக்குத் தமிழும் தெரியட்டும்.

அரசு செய்யும்வரை கையைக் கட்டி நிற்பது சங்கத்துக்கு அழகல்ல. ஆகவே நம் படிப்பகத்தில் ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு ஒரு வகுப்பு தொடங்குகிறோம். பிள்ளை தனியாக வரக் கூடாது, வீட்டுப் பெரியவர் ஒருவரோடு வர வேண்டும். பாடம் ஐந்தே ஐந்து.

ஒன்று: நேரில் அறியாதவன் சிநேகிதன் அல்ல. சீருடை, பள்ளிப் பெயர், வீட்டுத் தெரு தெரியும் படம் அவனுக்குப் போகக் கூடாது.

இரண்டு: ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் வாங்க யு.பி.ஐ. ரகசிய எண் தேவையில்லை, கொடுக்கத்தான் தேவை. வாங்குவதற்கு எண் கேட்கிறவன் திருடன்.

மூன்று: வந்த செய்தியை அனுப்புமுன் மூன்று கேள்வி. யார் சொன்னது? எப்போது நடந்தது? நான் கண்ணால் கண்டேனா? ஒன்றுக்காவது பதில் இல்லை என்றால் அது உன் போனிலேயே சாகட்டும்.

நான்கு: எந்த மொழிக்காரரையும், மதத்தாரையும், சாதியாரையும் இழித்து ஒரு வரி எழுதாதே. நம்மை இழித்து எவனாவது எழுதினாலும் பதிலுக்கு இழிக்காதே, பெரியவர்களிடம் காட்டு. அடுத்த வீட்டுக் கன்னட அம்மாவின் கையில் சோறு வாங்கித் தின்று வளர்ந்த பிள்ளை நீ.

ஐந்து: மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காதே, எதையும் அழிக்காதே. திரையைப் படம் எடுத்து வை, அன்றே சொல். பணம் பறிபோனால் உடனே 1930க்கு அழை. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு வங்கியில் பணத்தை நிறுத்தி வைக்க வழி உண்டு. பிள்ளைகளுக்கு எந்த ஆபத்தானாலும் 1098, அவசரத்துக்கு 112.

பெரியவர்களுக்குப் பாடம் ஒன்றே ஒன்று. பிள்ளை வந்து, 'அப்பா, ஒரு தப்பு நடந்துவிட்டது' என்று சொல்லும்போது கையை ஓங்காமல், போனை உடைக்காமல், 'சொல்லம்மா, நான் இருக்கிறேன்' என்று சொல்லப் பழக வேண்டும். கேட்க எளிது, செய்வது கடினம் என்பது நமக்கும் தெரியும். நம் வீட்டிலும் வயதுக்கு வந்த பிள்ளை உண்டு. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எத்தனையோ பிள்ளைகள் நம் பகுதியில் ராத்திரி தூங்காமல் காத்துக் கிடக்கிறார்கள்.

சம்பள நாளில் சந்தா கொடுக்க வருகிறவர்கள் இந்த மாதம் பிள்ளைகளின் பெயரையும் கொடுத்துவிட்டுப் போங்கள். போனையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், பாடம் அதில்தான்!